பெரிய நாடு

2007. சிதம்பரத்தில் எங்கள் கல்லூரியில் மாணவர்களே நாடுகளாகப் பேசும் மாதிரிப் பாதுகாப்பு மாநாடு. நித்யா மேரிதான் ஜப்பான் என்று தெரிந்ததும், அவள் பக்கத்தில் உட்காரலாமே என்று நானும் பெயர் கொடுத்தேன்.

“பெரிய நாடா குடுங்க சார்.”

கொடுத்தார்.

இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஒரே மேசையில் உட்கார்ந்தன. எனக்கு மட்டும் எதிரே தனி பெஞ்ச்.

“எங்கள் ஒத்துழைப்பு யாருக்கும் எதிரானதல்ல” என்று கூட்டறிக்கையை வாசித்த நித்யா, என்னைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல்முறை.

இடைவேளையில் நால்வரும் சமோசாவைப் பங்கிட்டார்கள். நானும் போனேன்.

“நீயும் வந்துட்டா, நாங்க எதுக்கு மச்சான் கூடுனோம்?” என்றான் அமெரிக்காவான அன்பரசு. நித்யாவும் சிரித்தாள்.

மாலை, கடலூர் பஸ்.

“பக்கத்துல ஆள் வருதா?” என்றார் கண்டக்டர்.

“இல்லண்ணே.”

மடியிலிருந்த என் பெயர்ப்பலகையை அந்தக் காலி சீட்டில் வைத்தேன். ‘சீனா.’