திருவிருந்துக்குப் போகாதவர்

"அவ யாருன்னு மட்டும் சொல்லிருங்க, ரீபா அப்பா. நான் சத்தம் போட மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவர் மணிராஜுக்குச் சோறு வைத்த கையோடு கிறிஸ்டி இதைக் கேட்டாள். கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை. மணிராஜ் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"எவ?"

தப்புச் செய்யாத மனுஷன் இவ்வளவு நிதானமாகவா கேட்பான்? அவளுக்குச் சந்தேகம் இன்னும் இறுகியது.

விஷயம் இதுதான். அவர்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பெஞ்சு பெஞ்சாக எழும்பிப் போய், பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கித் திரும்புவார்கள். பெரிய ஆள் ஒருவர் எழும்பாமல் உட்கார்ந்திருந்தால், எதையோ ஒளிக்கிறார் என்று அர்த்தம். பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே சண்டே ஸ்கூல் வாத்தியார் மணிராஜ்தான். அந்த வாத்தியார்தான் டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எழும்புவதே இல்லை.

கேட்டால் முழங்கால் வலி என்றார். அந்த வலிக்காரர் மாடியேறித் தண்ணீர்த் தொட்டி கழுவியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சபைப் பெண்கள் அவளிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் திருவிருந்து முடிந்ததும் அவளை மட்டும் ஒரு மாதிரி அன்பாகப் பார்த்தார்கள். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதிலிருந்து அவருடைய சட்டையை மோந்து பார்த்தாள், போனைத் துழாவினாள். ஒன்றும் சிக்கவில்லை. போன வாரம் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது சிக்கியது. பாளையங்கோட்டைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஆற்றங்கரைத் தெருவுக்குள் திரும்பி, ஜமீலா பீவி வீட்டுக்குள் நுழைந்தார். வெள்ளத்தில் புருஷன் தாஜ் முகம்மதுவைப் பறிகொடுத்து, தனியாக இருக்கிறவள் ஜமீலா. சின்ன வயசு. பார்க்க லட்சணமாகவும் இருப்பாள்.

"ஜமீலா வீட்டுல உங்களுக்கு என்ன சோலி?"

மணிராஜ் தட்டைத் தள்ளி வைத்தார். வெள்ளத்தில் விழுந்த சுவரைத் திரும்பக் கட்டுகிறார்கள், கொத்தனாருக்குக் கையாளாக நிற்கிறேன் என்றார். நல்ல காரியத்தை யாராவது பொய் சொல்லிவிட்டுப் போய்ச் செய்வார்களா என்று கிறிஸ்டி கேட்டாள்.

"வெள்ளம் நம்ம வாசப்படியோட நின்னுட்டு. கர்த்தர் நம்ம வீட்டைக் காத்தார்னு கோயில்ல சாட்சி சொன்னேம்லா? மைக்குல சொன்னது அவ வீடு வரைக்கும் கேட்டிருக்கு. அன்னைக்கு வழியில என்னையப் பாத்து, 'உங்க வீட்டைக் காத்த ஆண்டவன் எங்க வீட்டை ஏன் அண்ணாச்சி விட்டுட்டாரு?'ன்னு கேட்டா. சண்டைக்கு வரல. பையத்தான் கேட்டா."

"அதுக்கு?"

"எனக்குப் பதில் தெரியல. வேதத்தைப் பொரட்டிப் பாத்தேன், ஜெபம் பண்ணிப் பாத்தேன். கடைசியில, பதில் சொல்ல அங்கன ஆளே இல்லன்னு தோணிட்டு. எனக்குக் கடவுள் நம்பிக்கை போயிட்டு, கிறிஸ்டி. பொய்யா முழங்கால் போட மனசு வரல."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழுவாள், குருவானவருக்குப் போன் போடுவாள், பெங்களூரிலிருந்து மகள் ரீபாவை வரவழைப்பாள் என்று பயந்துதான் இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தார். கிறிஸ்டி அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். இப்படி ஒரு காரணம் இருக்கக் கூடும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"அப்போ பொம்பளை சமாச்சாரம் ஒண்ணும் இல்ல? சத்தியமா?"

"எது மேல சத்தியம் பண்ணச் சொல்லுத?"

"ரீபா மேல பண்ணுங்க."

பண்ணினார். தட்டை அவர் பக்கம் இழுத்து வைத்து, தனக்கென்று எடுத்து வைத்திருந்த மீன் துண்டையும் அதில் போட்டாள்.

"இதுக்குப் போயா எழும்பாம இருந்திய? எனக்கு அந்த நம்பிக்கை போயி எத்தனையோ வருசமாச்சு. நான் மாசம் தவறாம முழங்கால் போட்டுக்கிட்டுதான இருக்கேன்."