உடும்புப் பிடி

தீ விபத்தில் உயிர்விட்ட தீயணைப்பு வீரரின் படத்துக்கு முன்னால், வெள்ளைக் கையுறையோடு மரியாதை செலுத்த நின்ற வரிசையில் மகன் முகிலனைக் கண்டதும் குமரையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணிடம் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

“ஓரத்துல நிக்கிறான் பாருங்கம்மா, எம் மவன். புகைக்குள்ள போனா, முன்னால போறவரு பெல்ட்ட பின்னால வர்றவன் புடிச்சுக்கணுமாம். என்ன ஆனாலும் விடக்கூடாதாம். இவன் புடிச்சா உடும்புப் புடி!”

அவள் முகிலனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு இவருக்கு முன்னால போனது எங்க வீட்டுக்காரருதாங்க.”

பியூகிள் ஒலித்தது. வரிசையில் எல்லாக் கைகளும் சல்யூட்டுக்கு உயர்ந்தன. முகிலனின் வெள்ளைக் கையுறை மட்டும் எதையோ இறுகப் பற்றியதுபோல் இடுப்புயரத்திலேயே நின்றது. அவன் எவ்வளவோ முயன்றும் அது திறக்கவில்லை.