மரத்தூள் அடுப்பு

குழந்தையின் உள்ளங்கால் நீலம் பாரித்துவிட்டது.

மருத்துவச்சி முனியம்மாள் அதைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஏழாம் மாதத்திலேயே, இன்று விடியற்காலை பிறந்த பிள்ளை. அழுகை இல்லை. பூனைக்குட்டிபோல ஒரு முனகல், அதுவும் விட்டு விட்டு.

"சில்லுனு ஆயிக்கினே கீது ஐசக்கு. பெத்தவ ஒடம்புச் சூடு மட்டும் பத்தாது. நெருப்பு வேணும்."

ஐசக் அடுப்பின் முன் குந்தியிருந்தான்.

அது மரத்தூள் அடுப்பு. தகர வாளியின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைப் போட்டு இறுக்க இடித்து, பாட்டிலை மெல்ல உருவி எடுத்துவிட வேண்டும். அந்தத் துளைக்குள் நெருப்பு வைத்தால் போதும். புகையில்லாமல் நின்று எரியும், ஒரு வேளைச் சோறும் குழம்பும் ஆகிவிடும். ஐசக் உத்திரமேரூர் மரவாடியில் ரம்பம் இழுப்பவன். தூளுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன பிறகும் மழை விடவில்லை. ராத்திரி கூரை ஒழுகியதில் தூள் மூட்டை முழுக்க ஊறிவிட்டது. பிரசவ வேதனையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

டப்பாவில் மிச்சமிருந்த கிருஷ்ணாயிலைத் துளைக்குள் ஊற்றிப் பற்றவைத்தான்.

எண்ணெய் எரிந்தது. தூள் எரியவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஏரி உடைந்து ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். திருமுக்கூடலில் ஆறு இரு கரையும் புரண்டு போகிறது என்றார்கள். பஸ் ஓடவில்லை.

கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினான்.

காலனியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டான். எல்லப்பன் வீட்டு வறட்டி சாணியாகவே கரைந்துபோயிருந்தது. செங்கேணி வீட்டில் சோளத்தட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். பிழிந்தால் தண்ணீர் வந்தது. ரைஸ் மில்லுக்குப் போனால் உமி கிடைக்கும் என்று முழங்கால் தண்ணீரில் நடந்தான். மலைபோலக் குவிந்திருந்த உமி சரிந்து, கஞ்சிபோலத் தெருவெங்கும் மிதந்துகொண்டிருந்தது. நெல் அவிக்கும் அடுப்புக்குள் தண்ணீர் நின்றது.

அந்தத் தண்ணீரிலேயே நின்று, "ஆண்டவரே" என்று கத்தினான். மழைச் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.

வெறும் கோணியோடு திரும்பி வந்தான்.

முனியம்மாள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். முனகலும் நின்றிருந்தது. நெஞ்சுக்கூடு மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

வீட்டில் காய்ந்த மரம் கொஞ்சம் இருந்தது. மூன்று பேருக்கும் அது தெரியும். மூன்று பேரும் அந்த மூலையைப் பார்க்காமல் இருந்தார்கள்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அவன் மனைவி பாக்கியமேரிதான் கடைசியில் சொன்னாள்.

"அத்த ஒடச்சி எரிச்சிடுய்யா."

"மேரி..."

"ஒடைய்யா. இவன் போயிடுவான்யா!"

சுத்தியலை எடுத்தான். பரண்மேல் பல மாதம் கிடந்து காய்ந்த மாம்பலகை. வழவழவென்று இழைத்திருந்தான். மதியம்தான் அடித்த ஆணிகள். பிடுங்கும்போது ஒவ்வொன்றும் கீச்சிட்டது. முனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று செங்கல்லைக் கூட்டித் தீ மூட்டினான். பலகை சடசடவென்று பற்றியது.

முனியம்மாள் துணியை அனலில் காட்டிக் காட்டிக் குழந்தையின் மேல் போர்த்தினாள். இன்னொரு செங்கல்லைச் சுட வைத்து, துணி சுற்றிப் பாக்கியமேரியின் காலடியில் வைத்தாள்.

இந்த நெருப்பு நெடுநேரம் தாங்காது என்று ஐசக்குக்குத் தெரியும். இரும்புச் சட்டியைத் தீயின்மேல் ஏற்றி, ஈரத்தூளைக் கை கையாக அள்ளிப் போட்டு, அரிசி வறுப்பதுபோல் வறுத்தான். ஆவி கிளம்பியது. உள்ளங்கை பொத்துப்போனது. காய்ந்ததை வாளியில் கொட்டினான், மறுபடி அள்ளினான், மறுபடி வறுத்தான். கடைசிப் பலகை கரியாவதற்குள் வாளி நிறைந்துவிட வேண்டும்.

நிறைந்தது. பாட்டிலைச் சுற்றி இடித்து இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவினான். துளை இடியவில்லை. ஒரு நெருப்புக் கங்கை எடுத்து உள்ளே போட்டான்.

தூள் சிவந்தது. அடுப்பு தானாக மூச்சு விட ஆரம்பித்தது. வீட்டுக்குள் மெல்ல வெதுவெதுப்பு பரவியது.

அந்தி சாயும் நேரத்தில் குழந்தை காலை உதைத்து, வீறிட்டு அழுதது. பாக்கியமேரியும் கூடவே அழுதாள்.

"பால் குடும்மா" என்றாள் முனியம்மாள். "இனிமே பயமில்ல."

ஐசக் சிரிக்கவில்லை. மழை சற்று ஓய்ந்திருந்தது. இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று எழுந்தான்.

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் ஞானதாஸ் குடையோடு நின்றிருந்தார். சின்னக் குழிதான். ஊறிய தண்ணீரை ஒரு ஆள் வாரி இறைத்துக்கொண்டிருந்தான்.

ஐசக்கின் முழங்கை வளைவில் ஒரு வெள்ளைத் துணிச்சுருள் இருந்தது. இரட்டையில் முதலில் பிறந்தவன். கண் திறக்காமலே போனவன்.

உபதேசியார் துணியைப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"மரவாடில வேல செய்யற ஆளு நீ. பெத்த புள்ளைக்கு ஒரு பொட்டி அடிக்கக் கூடாதாப்பா?"

"அடிச்சேங்க ஐயா" என்றான் ஐசக். "தம்பிக்குக் குடுத்துட்டான்."