ஈ.பி.யில் ஓர் ஆள்

“ஏங்க, நமக்கு ஈ.பி.யில ஆள் இருக்கு!” என்று அன்னத்தாய் போட்ட சத்தத்தில், காலி வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கணவர் சங்கரசுப்பிரமணியன் ஒன்றைக் கீழே போட்டுவிட்டார்.

புதன்கிழமை அடித்த ஐப்பசிக் காற்றில் வரிசையாகக் கம்பங்கள் சாய்ந்து, பாளையங்கோட்டையில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. இன்று வெள்ளி. மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நாளைக் காலையில் மகள் சுப்ரஜாவுக்கு நிச்சயதார்த்தம்; வீட்டுக்கு அறுபது பேர் வருகிறார்கள். தள்ளிப்போடலாம் என்றால், மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை துபாய்க்கு விமானம் ஏறுகிறார்.

“நமக்கு ஏதுட்டி ஆளு? ஆபீஸ் நம்பருக்கு ஊரே கூப்பிடுது, லைனே கெடைக்கல.”

அன்னத்தாய் செல்போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ‘ஈ.பி. வேதமுத்து’ என்று இருந்தது. எதிர்வீட்டு ஃபெபி டீச்சர் எப்போதோ எதற்கோ அனுப்பிவைத்த நம்பர். எதற்கென்று இவளுக்கு ஞாபகமில்லை. அதனால் என்ன, பேரிலேயே ஈ.பி. இருக்கிறதே!

“அண்ணாச்சி, நான் ஃபெபி டீச்சர் எதிர்வீட்டு அன்னத்தாய் பேசுதேன்” என்று ஆரம்பித்தவள், தொட்டியில் தண்ணீர் இல்லாதது முதல் துபாய் விமானம் வரை மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். “நீங்கதான் பாத்து ஏதாவது செய்யணும்.”

“அடடா, நல்ல காரியம் நடக்கப்போற வீடாச்சே!” மறுமுனைக் குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது. “கவலைப்படாதீங்கம்மா. இப்பவே மேல ஒரு விண்ணப்பம் வைக்குதேன்.”

“சர்வீஸ் நம்பர் சொல்லட்டுமா அண்ணாச்சி?”

“அது எதுக்கும்மா? பிள்ளை பேரைச் சொல்லுங்க, போதும்.”

மீட்டருக்கும் மகள் பேருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்னத்தாய்க்கு லேசாக இடித்தது. கல்யாண வீட்டுக்குத் தனி வரிசை வைத்திருப்பார்களாயிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ‘சுப்ரஜா’வை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. “விண்ணப்பம் மேலிடத்துக்குப் போயாச்சு, இனி நிம்மதியா இருங்க” என்று தெருமுனை வரை வீடுவீடாக அறிவித்துவிட்டு வந்தாள். ஜெனரேட்டர் வாடகைக்குப் பேசக் கிளம்பிய கணவரையும், “நம்ம ஆளு இருக்கும்போது அது எதுக்கு?” என்று சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மணி மூன்றாயிற்று. கரண்ட் வரவில்லை. கடைசி ஜெனரேட்டரும் வேறு வீட்டுக்குப் போய்விட்டதாகத் தகவல்தான் வந்தது.

“உன் ஆளு கம்பத்துல ஏறிட்டாரா, இல்ல இன்னும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இருக்காரா?” என்றார் சங்கரசுப்பிரமணியன்.

அன்னத்தாய் மறுபடி போன் போட்டாள். “அண்ணாச்சி, கேட்டாகளா?”

“கேக்காமப் போகாதும்மா. காலையில வச்சேன், மதியமும் வச்சேன். நம்பி இருங்க.”

“நம்பி இருக்கச் சொல்லுதாரு” என்றாள், குரல் இறங்கி. சுப்ரஜா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் வாயால்தான் பிள்ளையின் நிச்சயம் கெடப்போகிறது என்று அன்னத்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஐந்தேகால் மணிக்கு நடுவீட்டு மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தெருவே ‘ஓ’வென்று கத்தியது. மோட்டார் ஓடி, கிரைண்டர் ஓடி, குழாயில் தண்ணீர் வந்ததும் சங்கரசுப்பிரமணியன் மனைவியைப் பார்த்த பார்வையில், இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை தெரிந்தது.

நிச்சயம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறக்காமல் அன்று சாயங்காலமே விலாசம் கேட்டுக்கொண்டு, தேங்காய், பழம், அல்வாவோடு புருஷனும் பெண்டாட்டியும் வேதமுத்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். போகிற வழியில் பக்கத்து வீட்டு சுடலைக்கண்ணு ஓடிவந்து, புதுக் கம்பம் கேட்டு எழுதிய மனு ஒன்றை அன்னத்தாய் கையில் திணித்தார். “யக்கா, நீங்க சொன்னா நடக்கும்.”

இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் தெரு இன்னும் இருட்டாகவே கிடந்தது. மெழுகுவர்த்தியோடு வந்து கதவைத் திறந்தார் அறுபது வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர்.

“என்ன அண்ணாச்சி இது! எங்களுக்குக் குடுத்துட்டு நீங்க இருட்டுல இருக்கீகளே. உங்க தெருவுக்கும் சேத்துக் கேக்கக் கூடாதா?”

“உங்களுக்குத்தானேம்மா அவசரம். அதான் உங்களுக்கு மட்டும் கேட்டேன்.”

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு உத்தியோகஸ்தரா! அன்னத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை அவர் கையில் கொடுத்து, மனுவையும் மேலே வைத்தாள். “அப்படியே இதையும் உங்க ஈ.பி. ஆபீசுல குடுத்துருங்க அண்ணாச்சி.”

அவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மனுவை முழுசாகப் படித்தார். பிறகு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஈ.பி. என் இனிஷியல்மா, நான் சர்ச்சுல ஜெபம் பண்ணுத உபதேசியார்.”