புஷ்பம் கேட்ட கேள்வி

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். வளர்ப்புப் பெற்றோராக வர விரும்புகிறவர்களிடம் எங்கள் அலுவலகம் கேட்கும் கேள்வித்தாளை, படம் வரையும் தாள்களோடு சேர்த்து ஒன்பது வயது புஷ்பத்திடம் கொடுத்துவிட்டேன். இரண்டு வீடுகளிலிருந்து திரும்பி வந்தவள் அவள். மூன்றாவதாக ஒரு தம்பதி அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறப்பதற்குள் அவள் வாசித்தாள்: “உங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வீங்க?”

“சரியான வாயாடி” என்று அந்த அம்மா சிரித்தார்.

“அதையே பதிலா எழுதிக்கவா?”

“அடிக்காம எந்தப் பிள்ளைம்மா வளருது?” என்றார் கணவர்.

புஷ்பம் அதை அப்படியே எழுதினாள். கீழே ‘வேண்டாம்’ என்று போட்டு என்னிடம் நீட்டினாள்.

அவர்கள் போனதும் எங்கள் அலுவலகத் தலைவியான மேடம் சொன்னார்: “அதைக் கிழிச்சுப் போடு. குழந்தை ஒத்துழைக்கலைன்னு எழுதும்மா.”

“அவ நல்லாத்தானே ஒத்துழைச்சா, மேடம்?” என்றேன்.

நான் படிக்கும் சமூகப்பணி மாலை வகுப்பில் இதற்கெல்லாம் பாடம் இல்லை. இதுவும் தவறாக இருக்கலாம். ஆனாலும் தாளில் தேதியிட்டு, சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்த்துவிட்டேன்.

நாளை காலை பத்து மணிக்கு அந்தத் தம்பதிக்குப் போன் செய்து, புஷ்பம் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.