ஒரே நேரத்தில் கேட்டால்

சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வரவேண்டும் என்பது அன்னப்பூரணியின் ஆசை. வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன்மார் மூவரையும் ஒவ்வொருவராகக் கேட்டால், “மத்தவங்க என்ன சொன்னாங்க?” என்று இழுப்பார்கள். அதனால் கடைக்குட்டி திவாகரன் ஒரு புரோகிராம் எழுதினான். அது மூவருக்கும் தனித்தனி இழைகளில் ஒரே நேரத்தில் கேள்வியை அனுப்பி, பதில்களைச் சேர்த்துக் கொடுக்கும். ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்கத் தேவையில்லை.

“பதில் வந்திட்டா மகன்?”

“ஓம் அம்மா, மூண்டும் வந்திட்டு.”

“என்னவாம்?”

திரையில் மூன்று பதில்களும் ஒன்றுபோல இருந்தன: ‘மத்தவங்க வந்தா நானும் வாறன்.’

திவாகரன் எரிச்சலோடு வாசித்துக் காட்டினான்.

“அவங்கள விடு. அறையெல்லாம் கழுவி வச்சிருக்கன். நீயாவது வா மகன்.”

லண்டனில் திவாகரன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“அவங்க வந்தா நானும் வாறன் அம்மா.”