ஓடிப்போனவர்

“இன்னும் எத்தனை நேரம் தரையையே பார்த்துட்டு நிப்பீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க!”

அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் ராணுவ ஆவண அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற முன்னாள் சிப்பாய் கூனிக் குறுகினார்.

குமாஸ்தாவுக்கு எரிச்சல். புருஷனை இழுத்துவந்து, பதக்கம் கேட்டு உயிரை வாங்கும் மனைவிமார்களை அவர் தினமும் பார்க்கிறார்.

“சரி, எந்த மெடல் விட்டுப்போச்சு?”

“விட்டுப்போகல. ஒண்ணு அதிகமா இருக்கு. குண்டடிபட்ட அதிகாரியைத் தூக்கிட்டு வந்ததுக்குன்னு கொடுத்தீங்களே, அதை ரத்து பண்ணுங்க. இவர் தூக்கல; தூக்கினேன்னு பொய் சொன்னார். புதருக்குள்ள ஒளிஞ்சிருந்தார்.”

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப தூக்கினது யாரு?”

“இவரோட கூட்டாளி. மயங்கிக் கிடந்த அதிகாரியை ராத்திரி இருட்டுல முகாம் வாசல்ல இறக்கிட்டு, அடுத்த ஆளைத் தூக்கப் போனவர் திரும்பவே இல்ல. அவரைப் போய் ஓடிப்போனவர்னு எழுதி வச்சிருக்கீங்க! போன வாரம் நெஞ்சுவலி வந்தப்ப, செத்துடுவோமோங்கிற பயத்துல இவரே உளறினார்.”

சிப்பாய் சட்டைப்பையிலிருந்து பதக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

குமாஸ்தா நெகிழ்ந்துபோனார். “சொந்தப் புருஷன் மானம் போனாலும் பரவாயில்லைன்னு வந்திருக்கீங்களே, பெரிய மனசும்மா.”

“என் புருஷன் மானத்துக்காகத்தான் வந்திருக்கேன்!” என்று சீறினாள் அவள். “ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு நான் பேர் வாங்கினது போதும்.”

எழுதிக் கொண்டுவந்திருந்த வாக்குமூலத்தை மேஜையில் விரித்து, பேனாவை எடுத்துச் சிப்பாயின் கையில் திணித்தாள்.

“கையெழுத்துப் போடுங்கண்ணே.”